ஆமை செத்தால் எங்கள் கதவைத்தான் தட்டுகிறீர்கள்

ஆமையைக் கொன்றவர்கள் நாங்கள் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்க ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நீங்கள் அதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதற்கு நடுவில் குடியிருந்தோம். அடையாறு கடலில் விழுகிற இடத்தை ஒட்டியது எங்கள் குப்பம். விடியற்காலை இருட்டில் படகைத் தள்ளப் போனால் காலில் இடறும். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் வெளியே பிதுங்கி, கழுத்து உப்பிக் கிடக்கும். கணக்கெடுக்க வருகிறவர்கள், ஒரு தடவை எண்ணியதை மறுபடி எண்ணக்கூடாது என்று ஓட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோட்டோடு நாய் இழுக்கும், காக்கை கொத்தும். அப்புறம் குழி வெட்டி, எங்கள் கரையிலேயே புதைப்பார்கள். குழி ஆழமில்லை. மூன்றாம் நாள் குப்பம் முழுக்க அந்த வாடைதான். எங்கள் பிள்ளைகள் அந்த வாடையில் உட்கார்ந்துதான் சோறு தின்றார்கள்.

அந்த நாட்களில் எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். மைக்கை நீட்டிய பெண், "அண்ணா, உங்க வலையிலதானே மாட்டுது?" என்று கேட்டார். அதிகாரி ஒருவர் என் வலையைத் தூக்கிப் பிடித்துக் கண்ணியை விரலால் அளந்தார். காலையில் நடக்க வருகிற ஒரு அம்மா, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவங்கள இங்கேர்ந்து காலி பண்ணினாதான் பீச் சுத்தமாகும்" என்று பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார். என் காதில் விழட்டும் என்றே சொன்னார். மீன் விற்கப் போன என் மனைவி பாதிக் கூடையைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஆமை செத்த தண்ணீரில் பிடித்த மீன் வேண்டாம் என்றார்களாம். வருஷக்கணக்காக அவளிடம் வாங்குகிற வீட்டுக்காரர்கள். மறுநாள் அந்தத் தெருவுக்குப் போகவே அவளுக்குக் கால் எழவில்லை.

என்னுடையது கவளை மீன் பிடிக்கிற வலை. அதன் கண்ணியில் இரண்டு விரல் நுழையும். பங்குனி ஆமை முப்பது, நாற்பது கிலோ இருக்கும். கண்ணியை அளந்த அந்த அதிகாரிக்கு இது தெரியாதா?

ஆமை எப்படிச் சாகிறது என்று எங்களை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ஆமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. நம்மைப்போல மூக்கால் மூச்சுவிடுகிற உயிர். மேலே வந்து, தலையை நீட்டி, புஸ்ஸென்று காற்றை விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டு முங்கும். கொண்டல் அடங்கிக் கடல் தெளிகிற தை மாதத்தில் அது கரைப்பக்கம் வந்து ஜோடி சேரும். முட்டை சுமக்கிற பெட்டை கரைக்கு நேரே சில மைல் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதே தண்ணீரில் அதே மாதத்தில் இறாலும் இருக்கும். இறால் இருக்கிற இடத்துக்கு இழுவை மடி வரும். பெரிய எஞ்சின் வைத்த விசைப்படகு, இரண்டு பக்கமும் கனத்த பலகை கட்டி மடியின் வாயை விரித்து, அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இழுக்கும். அந்த மடிக்குள் போன ஆமை மேலே வர வழியில்லை. முட்டும், மோதும். மோத மோத மூச்சு சீக்கிரம் தீரும். தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கும். நீங்கள் படத்தில் பார்த்த பிதுங்கிய கண், மூச்சு முட்டிச் செத்த கண்.

மடியைத் தூக்கும்போது எல்லா ஆமையும் செத்திருக்காது. சிலது மயங்கிக் கிடக்கும். செத்துப்போச்சு என்று நினைத்துக் கடலில் தள்ளிவிடுவார்கள். மயங்கின ஆமையால் நீந்த முடியாது, நேராக அடிக்குப் போய் அங்கே சாகும். அதைப் படகுத் தட்டில் குப்புறக் கிடத்தி, பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வைத்தால் உள்ளே போன தண்ணீர் வடியும். சில மணி நேரத்தில் துடுப்பு அசையும். சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். அவ்வளவு நேரம் ஒரு ஆமைக்குத் தட்டில் இடம் கொடுக்க இழுவைப் படகில் யாருக்கும் பொறுமை இல்லை.

செத்த ஆமை உடனே மிதக்காது. முதலில் மூழ்கும். உடம்பு அழுகிக் காற்றுப் பிடித்த பிறகுதான் மேலே வரும். காற்றும் நீரோட்டமும் கரையைப் பார்த்து இருந்தால் ஒதுங்கும். ஆக, ஆமை செத்த இடம் வேறு, ஒதுங்குகிற இடம் வேறு. எங்கள் வாசலில் ஒதுங்கியதால் எங்கள் குற்றம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நீங்கள் எண்ணிய ஆயிரம், கரைக்கு வந்து சேர்ந்த ஆயிரம். கடலோடு போனதை யார் எண்ணினார்கள்?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடும் யானையோடும் சேர்த்து இந்த ஆமையை வைத்திருக்கிறார்கள். கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 1983-இல் தமிழ்நாடு கொண்டுவந்த கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடல் எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு, அதற்கு அப்பால்தான் விசைப்படகுக்கு. ஆமை முட்டையிடுகிற ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முட்டையிடுகிற கரைகளை ஒட்டி ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக்கூடாது என்று அரசாணையும் இருக்கிறது. ஐந்து கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம்.

அப்படியானால் ராத்திரி எங்கள் மணலில் உட்கார்ந்தால் விசைப்படகு விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றனவே, அது எப்படி? எஞ்சின் சத்தம் வீட்டுக்குள் படுத்திருக்கிற குழந்தைக்குக் கேட்கிறதே, அது எப்படி? ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுகிற படகின் சத்தமா அது?

போன் போட்டோம். ஒரு அலுவலகத்தில் அது எங்கள் துறை இல்லை என்றார்கள். அவர்கள் சொன்ன அடுத்த அலுவலகத்தில் கடலுக்குள் போகப் படகு இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் படகு நம்பரைச் சொல்லு, நடவடிக்கை எடுக்கிறோம் என்றார்கள். நடுராத்திரியில், கரையில் நின்றுகொண்டு, கடலில் போகிற படகின் நம்பரை நான் எப்படிப் படிப்பேன்? கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஃபைபர் படகை அலையடித்துக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். விரித்துப் போட்ட எங்கள் வலையை மடியோடு அறுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். வலை போனதற்கு நாங்கள் கொடுத்த மனுவுக்கே இன்னும் பதில் வரவில்லை. ஆமைக்கா வரப்போகிறது என்று அன்றைக்கே தோன்றியது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்ட பிறகுதான் ரோந்து, நடவடிக்கை என்று பேச்சே சூடு பிடித்தது. அதற்குள் எங்கள் கரையில் குழி வெட்ட இடம் தேட வேண்டியிருந்தது.

இழுவை மடியில் ஆமை தப்பிக்க ஒரு கருவி உண்டு. மடியின் நடுவில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறாலும் மீனும் கம்பி இடுக்கில் நுழைந்து மடியின் கோடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் விட்டிருக்கிற திறப்பு வழியாக வெளியே போய்விடும். நம் நாட்டுப் படகுகளுக்கு ஏற்ற மாதிரி கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே அதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் மீனும் சேர்ந்து வெளியே போகும் என்பதுதான் விசைப்படகுக்காரர்கள் சொல்கிற குறை. அந்தக் கொஞ்சம் மீனுக்காக அதை மாட்டாமல் விட்டதால் நாடே இழந்தது அதிகம். ஆமையைக் காப்பாற்றாமல் பிடித்த இறால் வேண்டாம் என்று அமெரிக்கா 2019 முதல் இந்தியக் கடல் இறாலை வாங்காமல் நிறுத்தியது. அதனால் இறால் விலை இறங்கியபோது, கையளவு இறால் பிடிக்கிற எங்கள் கூடைக்கும் சேர்த்துத்தான் இறங்கியது. மடி இழுக்காதவனும் தண்டம் கட்டினான்.

தடைக்காலத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. நல்லது, அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பங்குனி ஆமை ஜனவரியிலிருந்தே முட்டையிட ஏறுகிறது. தடைக்காலம் தொடங்கும்போது பெரும்பாலான தாய் ஆமைகள் முட்டையிட்டு முடித்துக் கிளம்பியிருக்கும். தாய் கரைப்பக்கம் இருக்கிற மூன்று மாதமும் கடல் திறந்து கிடக்கிறது. அது போன பிறகு பூட்டுப் போடுகிறீர்கள். அந்த மாதங்களுக்கென்றே இருக்கிற ஐந்து மைல் ஆணையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, தடைக்காலம் இருக்கிறதே என்று எங்களுக்குப் பதில் சொல்கிறீர்கள்.

விசைப்படகுத் தொழிலாளி மேல் எனக்குப் பகை இல்லை. அதில் பங்குக்குப் போகிறவர்களில் என் அக்காள் மகனும் இருக்கிறான். ஆழத்துக்குப் போனால் டீசலுக்கே கட்டாது, கரைப்பக்கம் இழுத்தால்தான் முதலாளி கணக்கில் ஏதாவது மிஞ்சும் என்று அவன் சொல்கிறான். இந்த மடியை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. 1950-களில் கேரளத்தில் நார்வே நாட்டு உதவியோடு விசைப்படகை இறக்கியதும், அப்புறம் கடற்கரை முழுக்கக் கடனும் மானியமும் கொடுத்து இறால் ஏற்றுமதிக்காக அதைப் பெருக்கியதும் அரசாங்கம். கட்டுமரக்காரன் வேண்டாம் என்று கத்தியபோது அவனுக்கு வளர்ச்சி புரியவில்லை என்றார்கள். அரசு வளர்த்த மடி இன்று ஆமையை வாரிக்கொண்டு போகிறது. கேள்வி மட்டும் கட்டுமரக்காரன் பேரனிடம் வருகிறது.

எங்கள் வலையில் ஆமை ஏறவே ஏறாது என்று நான் சொல்லமாட்டேன். திருக்கை வலைக்குக் கண்ணி பெரிது, அதில் சிக்கும். எங்கள் பெரியவர்கள் ஆமையைக் குட்டியாண்டவர் என்பார்கள். வலையில் ஏறினால் கும்பிட்டுத் தண்ணீரில் விடுவது எங்கள் வழக்கம். விடுவது சுலபம் இல்லை. ஒரு தடவை எங்கள் தம்பி வலையில் ஒன்று ஏறியது. முன் துடுப்பு இரண்டிலும் நூல் இறுகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. அலையில் படகு ஆடுகிறது. அவன் தலைப்பக்கம் கை போகாமல் ஓட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான், நான் கண்ணி கண்ணியாகக் கத்தியால் அறுத்தேன். வலியில் அது துடுப்பால் அடித்த அடியில் அவன் முழங்கை வீங்கிவிட்டது. கடைசி நூலை அறுத்ததும் நீந்தத் தெம்பில்லாமல் படகோரமாகவே மிதந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி மூச்சுவிட்டு முங்கியது. வலையில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. நூல் வாங்கிப் பொத்தி முடிக்கிற வரைக்கும் தொழில் இல்லை. அந்த நாட்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? யாருமில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மகாராஷ்டிரத்தில் 2018 கடைசியிலிருந்து, வலையை அறுத்து ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுகிற மீனவனுக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். இங்கேயும் பாக் நீரிணையில் வலையில் சிக்கிய கடற்பசுவை விட்ட மீனவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டிப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். சரியான காரியம். எங்கள் கரையில் ஆமையை விட்டவனுக்கு என்ன கிடைக்கிறது? சிக்கிய ஆமையோடு யாராவது படம் பிடித்துவிட்டால் வழக்கு வருமோ என்கிற பயம்தான் கிடைக்கிறது. பயந்தவன் ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து காப்பாற்றமாட்டான், பார்க்காத மாதிரி போய்விடுவான். எங்களைக் குற்றவாளியாகப் பார்க்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆமைக்காக வருகிறவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கடலைப் படம் எடுக்கிறார்கள். திரும்பி ஒரு தடவை ஆற்றைப் பாருங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது.

ஒடிசாவில் பங்குனி ஆமை கூட்டம் கூட்டமாக ஏறுகிற மூன்று இடம் உண்டு. கஹிர்மாதா, தேவி, ருஷிகுல்யா. மூன்றும் ஆற்று வாயை ஒட்டிய கரைகள். ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மணலில்தான் அது குழி பறிக்கிறது. கழிமுகத்துச் சேற்றில் வளர்ந்து வெளியே போகிற நண்டையும் இறாலையும்தான் அது தின்கிறது. எங்கள் கரையில் ஆமை செத்துக் குவிந்ததற்கு அடுத்த மாதம், 2025 பிப்ரவரியில், ருஷிகுல்யாவில் ஏறத்தாழ ஏழு லட்சம் ஆமை கரையேறியது. அதே கடல், அதே ஆமை. அங்கே தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று வாய்களைச் சுற்றி நவம்பர் 1 முதல் மே 31 வரை, இருபது கிலோமீட்டர் வரைக்கும் மீன்பிடிக்கத் தடை. தொழில் இழக்கிற குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. அங்கேயும் மீனவனுக்கு மனக்குறை இருக்கும். எங்களுக்கு நன்றாகவே புரியும். ஆனால் அங்கே ஆற்று வாயை ஒரு இடமாக மதித்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கே அது சாக்கடை முடிகிற இடம்.

என் அம்மா அடையாற்றுக் கழிமுகத்தில் இறால் பிடித்தவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி எடுப்பாள். வலை கிடையாது, படகு கிடையாது. அந்தச் சேற்று இறாலில் எங்கள் நான்கு பேரையும் வளர்த்தாள். மடவையும் கிழங்கானும் நண்டும் அந்த ஆற்றில் அப்படி இருந்தது. கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொண்டால் குப்பத்து ஆட்களே மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறும், ஆறு மூச்சுவிடும். இன்றைக்கு அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் ராத்திரி அரிப்பில் தூக்கம் வராது. ஊர்ச் சாக்கடை முழுக்க அதில் வருகிறது. வாய் அடைத்துக்கொண்டால் கறுத்து, கொதித்து, மீன் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். 2019 கடைசியில் மெரினா பக்கத்துக் கரையெல்லாம் நுரை பொங்கிக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு விளையாடினார்கள். ஆறு வழியாக வந்த சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் அது. அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் ஆமை எங்கள் கரைக்கு ஏற வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் அடையாற்றில்தான் கரைபுரண்டது. அதன் பிறகு ஆற்றைச் சீர்ப்படுத்துகிறோம் என்று கரையில் குடியிருந்த ஏழைகளைத் தூக்கிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது, பெண்களின் வீட்டுவேலை போனது. அவர்களை அகற்றினால் ஆறு சுத்தமாகும் என்றார்கள். அவர்கள் போய் இத்தனை வருஷம் ஆகிறது. தண்ணீர் கறுப்பாகத்தான் வருகிறது. எங்களைக் காலி பண்ணினால் பீச் சுத்தமாகும் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு ஏன் நெஞ்சு அடைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

வடக்கே எண்ணூரில் எங்கள் சம்பந்திகள் இருக்கிறார்கள். கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் அவர்களுடைய வயிறு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொண்டுபோகிற குழாய் ஒழுகி ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்துவிட்டது. கால் வைத்தால் புதைகிறது, தடவினால் இறாலுக்குப் பதில் சாம்பல் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. படகு, வலை, நாரை, கூழைக்கடா, அலையாத்தி மரத்து வேர் எல்லாம் தார் பூசினது போலானது. அந்த எண்ணெயை வாளியால் அள்ளியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அங்கே தொழில் செய்கிற மீனவர்கள். கெடுத்தது ஒருவர், அள்ளியது இன்னொருவர். அவர்கள் கையில் வந்த புண்ணை நான் பார்த்தேன்.

சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து ராயபுரத்துக்கு வடக்கே மணலைக் கடல் அரித்துக்கொண்டே போகிறது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல்லில் ஆமை முட்டையிடாது. தெற்கே மணல் இருக்கிறது, அங்கே விளக்கு. மணலுக்குள் நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாள் கிடந்து வெளியே வருகிற குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். இப்போது கடலைவிடச் சாலைதான் வெளிச்சம். காலையில் ரோட்டில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கரையோரமாகவே மேம்பால விரைவுச்சாலை போடுகிறோம் என்று கிளம்பினார்கள். அதை எதிர்த்து நின்றதில் குப்பத்துக்காரர்களும் இருந்தார்கள், ஆமைக்காக வேலை செய்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றைக்கு எங்களைப் பார்த்து ஆமையின் எதிரி என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகளை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். 1988-லிருந்து கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரு அமைப்பாக, ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து, நாய் தோண்டுமுன் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் பையன்களும் அவர்களோடு நடக்கிறார்கள். ஆமை ஏறிய தடத்தை இருட்டில் கண்டுபிடிக்கக் குப்பத்துப் பையனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எனக்கு வருகிற ஆத்திரமெல்லாம், குஞ்சைக் கடலில் விடுகிற நாளில் மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற பெரிய மனிதர்கள் மேல்தான். ஆயிரம் குஞ்சு விட்டால் ஒன்றோ இரண்டோதான் பிழைத்துப் பெரிதாகும் என்கிறார்கள். அது முட்டையிடுகிற வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷமாகும். அத்தனை ஆபத்தையும் தாண்டி வளர்ந்து, வயிற்றில் நூறு முட்டைக்கு மேல் சுமந்துகொண்டு பிறந்த கரையைத் தேடி வருகிற தாயை, கரைக்கு ஐந்து மைலில் மூச்சு முட்டச் சாகவிட்டுவிட்டு, குஞ்சை விட்டுப் படம் எடுத்தால் கணக்கு நேராகிவிடுமா? செத்தவற்றில் பலது வயிற்றில் முட்டையோடு செத்தது. நாய் கிழித்துப் போட்டபோது மணலில் சிதறிக் கிடந்ததை என் மகள் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற ஐந்து மைல் ஆணையை ஜனவரி முதல் தேதியிலிருந்து நிஜமாகவே நடத்துங்கள். ரோந்துக்குப் படகு இல்லை என்றால் எங்கள் படகை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் இழுப்பார்கள், எந்த நேரத்தில் இழுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆமை தப்பிக்கிற கருவி இல்லாத மடி துறைமுகத்தைவிட்டுக் கிளம்பக்கூடாது. அந்த மாதங்களில் கரைப்பக்கம் வராமல் இருக்கிற விசைப்படகுத் தொழிலாளிக்கும் வயிறு உண்டு, அதற்கு ஒரு வழி செய்யுங்கள். ஆமைக்காக வலையை அறுத்தவனுக்கு வலைக்காசைக் கொடுங்கள். அடையாற்றில் விழுகிற சாக்கடையை நிறுத்துங்கள். ஆற்று வாயை எப்போது வெட்டுவது என்று முடிவு பண்ணும் கூட்டத்தில் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து இறால் பிடித்த பெண்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

தையில் ஆமை மறுபடியும் வரும். அப்போதும் செத்து ஒதுங்கினால், மைக்கோடும் அளவுகோலோடும் எங்கள் குப்பத்துக்கு வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். விசைப்படகுகளில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அரசாங்கமே பொருத்தியிருக்கிறது. ஆமை ஒதுங்கியதற்கு முந்தைய ராத்திரிகளில் ஐந்து மைலுக்குள் எந்தெந்தப் படகு ஓடியது என்று அதில் பாருங்கள். எங்களிடம் கேட்கிற கேள்விக்குப் பதில் உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது.